கார் டிக்கியில் அமெரிக்கா

2009-இல் லண்டன் நோர்பரியிலிருந்து பஸ் எடுத்து மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டியவள். ஏ.எல். பரீட்சை எடுக்கிற வயதில் இலங்கைச் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடி, பிரான்சில் பிள்ளைகளைப் பெற்று, லண்டனுக்கு வந்து கடையில் கல்லாவில் நின்றவள். அந்த வகுப்பில் தேறினால் பல்கலைக்கழகம் போகலாம், டீச்சராகலாம். அந்த ஆசை மட்டும் என்னை விட்டுப் போகவேயில்லை.

கடைசித் தடை, பத்து நிமிடப் பேச்சு. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் அமெரிக்க வாழ்க்கை எப்படி மாறியது என்ற பாடத்தில் எனக்கு விழுந்தது மதுவிலக்கு. பேப்பரைப் பார்த்து வாசித்தேன். பாதியில் எந்த வரியில் நிற்கிறேன் என்பதே தவறிவிட்டது. ஆசிரியை என்னை நிறுத்தி, அடுத்த கிழமை பேப்பர் இல்லாமல் வந்து பேசும்படியும் அதுவே கடைசித் தடவை என்றும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து சட்டி பானையில் கோபத்தைக் காட்டினேன்.

"உமக்கேன் இந்த வயசில அமெரிக்கன்ர குடி?" என்றார் என் மனுசன்.

"வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ."

அந்தச் சனிக்கிழமை ஸ்ட்ரெதமில் ஒரு சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளான சடங்கு. சர்ச் மண்டபம். மதுபானம் கூடாது என்று வாசலிலேயே ஒட்டியிருந்தார்கள். பிள்ளைக்கு ஆரத்தி எடுத்து முடிந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். குடும்பப் படம் எடுக்க மனுசனைத் தேடி வெளியே போனேன். எங்கள் கார் டிக்கி திறந்து கிடந்தது. உள்ளே விஸ்கிப் போத்தல், கோலா, பிளாஸ்டிக் கப், ஒரு தட்டு மட்டன் ரோல்ஸ். மண்டபப் பொறுப்பாளர் வருகிறாரா என்று பார்க்கக் கதவடியில் ஓர் ஆள் வேறு.

"போன் சார்ஜர் எடுக்க வந்தனான்" என்றார் மனுசன், கையில் கப்புடன்.

வேறு நாளென்றால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன். அன்றைக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் மாய்ந்து மாய்ந்து மனப்பாடம் செய்த அமெரிக்கா, என் காருக்குப் பின்னால் நின்று ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தது.

அடுத்த கிழமை வெறுங்கையோடு போய் நின்றேன். வாசல் அறிவித்தலையும் டிக்கியையும் காவல் நின்றவரையும் சொல்லித் தொடங்கினேன். அமெரிக்காவிலும் இதே கூத்துத்தான், பின்கதவும் காவலாளும் தேநீர்க் கோப்பையில் விஸ்கியும் என்றேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நான் நிறுத்தவில்லை.

"சரி, இதனால் என்ன மாறியது?" என்று ஆசிரியை மடக்கினார்.

"முன்பு மதுக்கடை ஆண்களின் கோட்டை. ஒளித்துக் குடிக்கும் இடங்கள் வந்தபின் பெண்களும் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு அதே மேசையில் போய் இருந்தார்கள். குடியை மூட வந்த சட்டம், அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது."

"உங்கள் கார் டிக்கிக்கும் பெண்கள் வந்துவிட்டார்களா?"

"இன்னும் இல்லை."

அவரும் சிரித்துவிட்டார். பாஸ் என்று அந்த இடத்திலேயே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. சந்தோசத்தில்தான்.

வெளியே, அன்றைக்கு என்னை ஏற்றிப்போக மனுசன் காரில் காத்திருந்தார். "என்னப்பா, சரிவந்துதோ?"

"பாஸ்."

"உண்மையாவோ? என்னத்தைச் சொன்னனீர்?"

"உங்களைப் பற்றித்தான். பத்து நிமிசமும்."

மனுசன் நோர்பரிக்குக் காரை ஓட்டிவந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, சுற்றி வந்து என் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"டீச்சர், இறங்குங்கோ" என்றார்.