கதவுக்கு வெளியே ஏதென்ஸ்

ஈரமான கம்பளிக் கையுறைகளுக்கு ஒரு மணம் உண்டு. நனைந்த ஆட்டுக்குட்டியையும் பழைய சவர்க்காரத்தையும் சேர்த்து முகர்ந்ததுபோல. சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் பனி உருகத் தொடங்கியிருந்த ஒரு முற்பகலில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த சரிவில் உட்கார்ந்திருந்த எங்கள் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கையை உயர்த்தியபோது அந்த மணம் தலைக்கு மேலே எழுந்தது. கணக்குப் பாடமா, சறுக்குவண்டியா என்பதுதான் கேள்வி, சறுக்குவண்டி வென்றது. கீழே நின்ற ஆசிரியை, பழைய ஏதென்ஸ் நகரத்தார் இப்படித்தான் ஒரு குன்றில் கூடியிருந்து, போருக்குப் போவதா வேண்டாமா என்பதைக்கூடக் கையுயர்த்தி முடிவெடுத்தார்கள் என்றார். எனக்குப் பத்து வயது. செருப்புத் தைக்கிறவரும் எண்ணெய் விற்கிறவரும் கையைத் தூக்கினால் கப்பல் புறப்படும் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. அன்றைக்குக் கிரேக்கர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்; இன்றுவரை விட்டபாடில்லை.

ஆசிரியை அதோடு நிறுத்தவில்லை. ஏதென்ஸில் பெண்களுக்கு வாக்கு இல்லை என்று சொல்லிப் பெண்பிள்ளைகளான எங்களைச் சரிவிலிருந்து இறக்கினார். பிறகு, வேறு ஊர்களிலிருந்து வந்து, அங்கேயே தொழில் செய்து, வரி கட்டி, படையிலும் சேர்ந்து, ஆனாலும் குடிமக்களாகாமலே செத்துப்போன அயலவர்களைப் பற்றிச் சொன்னார். ஒரு போர்த்துக்கீசப் பையன் யாரும் சொல்லாமலே எழுந்து இறங்கி வந்தான். நான் இரண்டு காரணத்துக்காகவும் இறங்க வேண்டியவள், ஏற்கெனவே கீழே நிற்பதால் இரண்டாம் முறை இறங்க வழியில்லையே என்று என் தோழி லாராவிடம் சொல்லிச் சிரித்தேன். எல்லாம் எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது.

அப்பா மன்னாரிலிருந்து வந்து, முதலில் டாவோஸில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு எங்கள் ஊர் ஹோட்டலில் சமையற்காரரானவர். அம்மா அதே ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்கினார். அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் "சிம்மர்" என்று பெயர். "அம்மா சிம்மருக்குப் போட்டா" என்றால் மாலைவரை வீட்டில் ஆளில்லை என்று அர்த்தம். இந்த இருவருக்கும் நான் ஒவ்வொரு நாளும் இரவுச் சாப்பாட்டோடு ஏதென்ஸையும் பரிமாறினேன். சீனிக்கட்டிகளை ஒட்டி ஒரு கோயில் கட்டினேன், எறும்பு வந்தது. "உன்ரை கிரேக்கர் வந்து இந்தக் கோப்பையளைக் கழுவுவினமோ?" என்று அம்மா கேட்டார். அதற்கு அப்பா, "அவையளைக் கூப்பிடாதை. ஆர் கழுவுறது எண்டு கூட்டம் போட்டுக் கதைச்சு முடிய விடிஞ்சிடும்" என்றார்.

அந்த வருடந்தான் எங்கள் குடியுரிமை விண்ணப்பம் ஊர்ச்சபைக்கு வந்தது. ஊர்ச்சபையை நாங்கள் "கெமைண்டே" என்போம். அந்தக் காலத்தில் எங்கள் கெமைண்டேயில், புதிதாகச் சுவிஸ்காரர் ஆக விரும்புகிறவர்களை ஏற்பதா இல்லையா என்று ஊரார் கூடிக் கையுயர்த்தித்தான் முடிவெடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டதும் நான் துள்ளிய துள்ளல் இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது. அப்பா அதற்கு, பல் பிடுங்கப் போகிறவரைப்போலப் பயந்துகொண்டிருக்க, நானோ, இது அப்படியே ஏதென்ஸ் அப்பா, அவர்களுக்குப் பிறகு உலகத்திலேயே நாங்கள்தான் இப்படிச் செய்கிறோம் என்று விளக்கம் சொன்னேன். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டும் வரலாம் என்று கடிதத்தில் இருந்ததாம். அம்மா விடத்தான் நினைத்தார். நான் அழுது அடம்பிடித்துக் கூடப் போனேன்.

கூட்டம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில் நடந்தது. எங்களை முன்னால் நிற்கவைத்தார்கள். அப்பா தன் கலியாணத்துக் கோட்டைப் போட்டிருந்தார். பொத்தான் பூட்டப்படாமல் வயிற்றுக்கு இரு பக்கமும் விலகி நின்றது. ஊர்த்தலைவர் எங்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார்: ஒழுங்காக வேலைக்குப் போகிறவர்கள், கடன் இல்லை, மகள் நன்றாகப் படிக்கிறாள். ஆட்டுச்சந்தையில் ஆட்டைப் பற்றியும் இப்படித்தான் நல்லதாகச் சொல்வார்கள் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை; கைதட்டு வரும் என்று நின்றேன். பிறகு அவர் மிகவும் மரியாதையாக, தயவுசெய்து வெளியே நில்லுங்கள், கூப்பிடுகிறோம் என்றார்.

குன்றிலிருந்து இறங்குவது எப்படியிருக்கும் என்பது அந்த நடையில்தான் எனக்குத் தெரிந்தது. மண்டபத்தின் நடுவால், இரண்டு பக்கமும் கதிரைகளில் எங்களுக்குத் தெரிந்த முகங்கள் பார்த்திருக்க, மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனோம். அம்மாவின் சப்பாத்து மரத்தரையில் கீச்சிட்டது. அதற்காக அவர் நுனிக்காலில் நடந்தார்.

வெளியே நடைபாதையில் எங்களைச் சுற்றி உள்ளே இருப்பவர்களின் குளிர்க்கோட்டுகள் கொழுக்கிகளில் தொங்கின. எங்களை வைத்துக்கொள்வதா விடுவதா என்று உள்ளே முடிவெடுத்துக்கொண்டிருந்தவர்களின் கோட்டுகளுக்கு நடுவே ஒன்றிலும் முட்டாமல் நின்றோம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அப்பா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். நான் போய் எட்டிப் பார்த்தேன்.

கை உயர்த்துவதற்குச் சத்தம் கிடையாது. அதை அன்றுதான் கவனித்தேன். முதலில் ஏராளமான கைகள் எழுந்தன. அவை இறங்கின. பிறகு, வேண்டாம் என்பவர்களின் முறைக்கு, வேறு சில எழுந்தன, அங்கொன்றும் இங்கொன்றுமாக. கடைசி வரிசையில், கதவுக்கு மிக அருகே, எனக்கு நன்றாகத் தெரிந்த கட்டம்போட்ட சட்டையின் கை ஒன்று அந்த இரண்டாவது முறை எழுந்தது. லாராவின் அப்பா. மலைமேல் போகும் தொங்கு வண்டியில் வேலை செய்பவர்; லாராவுக்குச் சிறிதாகிப்போன பனிச்சறுக்குப் பலகைகளை ஒவ்வொரு மாரியிலும் மெழுகு பூசி எங்கள் வாசலில் கொண்டுவந்து வைப்பவர். அந்தக் கை தயங்கவில்லை. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையின் கையைப்போல நேராக நின்றது.

அப்பா என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"பாக்காதை, பிள்ளை."

"ஏனப்பா? பாக்கிறதுக்குத்தானே அவை கையைத் தூக்கினம்."

"நாளைக்குக் காலமை நான் இவை எல்லாருக்கும் அல்லேக்ரா சொல்லவேணும். ஆர் எண்டு தெரிஞ்சா வாய் வராது."

அல்லேக்ரா என்பது எங்கள் பள்ளத்தாக்கில் வழியில் காண்பவருக்கெல்லாம் சொல்லும் வணக்கம். பிறகு கூப்பிட்டார்கள், உள்ளே போனோம், எல்லாரும் கைதட்டினார்கள். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். லாராவின் அப்பாவும் கைதட்டினார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அடுத்த மாரிக்கும் பலகைகள் வந்தன, நான் அவற்றைப் போட்டுக்கொண்டு சறுக்கினேன். போடாமல் விட்டால் அப்பா ஏன் என்று கேட்பார், கேட்டால் சொல்லவேண்டி வரும். இன்றுவரை சொல்லவில்லை.

சூரிச்சில் பழங்கால வரலாறு படிக்கப் போனபின் ஒன்றை அறிந்தேன். போரையும் வரியையும் வெட்ட வெளியில் கையுயர்த்தி முடிவுசெய்த அதே ஏதென்ஸ்காரர், ஓர் அயலவரைத் தங்களில் ஒருவராக ஏற்பதா என்ற கேள்விக்கு இரகசிய வாக்கு வைத்திருந்தார்கள். வாக்குக் கல்லைக் கலசத்தில் போடுவார்கள், யார் எதைப் போட்டார் என்று தெரியாது. காரணம் எழுதிவைக்கப்படவில்லை, அறிஞர்கள் பலதும் சொல்கிறார்கள். எனக்கு அந்த வரியைப் படித்ததும் நினைவுக்கு வந்தது சுவரைப் பார்த்து நின்ற அப்பாதான். அவரிடம் போய்த்தான் நான், பயப்படாதீர்கள், இது அழகானது என்று பாடம் நடத்தியிருந்தேன். நூலகத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் யாரும் பார்க்கவில்லைத்தான்.

இப்போது எங்கள் ஊரில் அந்தக் கையுயர்த்தல் இல்லை. விண்ணப்பங்களை ஒரு சிறு குழு அறைக்குள் பார்த்து, எழுத்தில் பதில் கொடுக்கிறது. மறுத்தால் காரணமும் சொல்லவேண்டும். நல்ல மாற்றம், சந்தேகமில்லை. நடைபாதையின் கொழுக்கிகளையும் கழற்றிவிட்டு இரும்பு அலுமாரிகள் வைத்துவிட்டார்கள். மற்ற விடயங்களுக்கு, தெருவுக்கும் தண்ணீருக்கும் பனி அள்ளும் இயந்திரத்துக்கும், ஊரார் இன்னும் அங்கேதான் கூடிக் கையை உயர்த்துகிறார்கள். அப்பா ஒரு கூட்டத்தையும் விடுவதில்லை. பெரும்பாலும் லாராவின் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருகிறாராம். இருவரும் பனி இயந்திரத்தைப் பற்றி நெடுநேரம் கதைப்பார்களாம்.

நான் ஒருமுறைகூடப் போனதில்லை. இன்னும் அந்த ஊரில்தான் பதிந்திருக்கிறேன், வாக்கும் அங்கேதான். சனி, ஞாயிறுகளில் பள்ளிப்பிள்ளைகளுக்கு அருங்காட்சியகத்தில் கிரேக்கச் சாடிகளைக் காட்டி, பொதுக்காரியத்திலிருந்து ஒதுங்கி இருப்பவரை ஏதென்ஸில் எதற்கும் உதவாதவர் என்று நினைத்தார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்குகிறேன். எனக்கு வரும் வாக்குச்சீட்டுகளைத் தபாலில் போட்டுவிட்டு, மண்டபத்துக்குப் போகாததற்குப் பரீட்சை, காய்ச்சல், ரயில் என்று சாட்டுச் சொல்கிறேன். போன வாரம் ஒரு சிறுமி, "நீங்கள் கடைசியாக எதற்குக் கை உயர்த்தினீர்கள்?" என்று கேட்டாள். நான் அடுத்த சாடிக்குப் போய்விட்டேன்.

வரும் வெள்ளிக்கிழமை தீயணைப்பு நிலையத்துக் கூரையை மாற்றுவதா என்று கூட்டம். அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்து, எனக்கும் ஒரு கதிரை பிடித்துவைக்கச் சொன்னேன். "என்ன பிள்ளை, கூரையிலை உனக்கென்ன அக்கறை?" என்று சிரித்தார். ஒழுகுகிறது என்றால் மாற்றத்தானே வேண்டும் என்றேன். லாராவின் அப்பாவும் அப்படித்தான் நினைக்கிறார் என்றார் அப்பா. அப்படியானால் அவரும் நானும் ஒரே பக்கத்துக்கு, ஒரே நேரத்தில் கையை உயர்த்த நேரும். அந்த நேரத்தில் என் கை பாதியில் இறங்கிவிடாமல், எண்ணி முடிக்கும்வரை மேலே நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதைத்தான் முயன்று பார்க்கப்போகிறேன்.