இருபது நிமிடத்தில் ரோம்

ஞாயிறு இரவு எட்டு மணி இருபது. தன் வீட்டில் தொலைபேசியைக் காதில் வைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தான் என் நண்பன் ராசன். பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். எழுபதுகளில் மெல்பேர்னில் விமானச்சீட்டு விற்கும் அலுவலகத்தில் வேலை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தூரமும் நேரமும்தான். நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

ராசனின் மனைவி மலர் ஜெர்மனியில், பிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரியொன்றில் தாதி. அவளுடைய ஆஸ்திரேலியக் குடிவரவு அனுமதி செவ்வாயோடு முடிகிறது. ஞாயிறன்று ரோமிலிருந்து மெல்பேர்னுக்குப் புறப்படும் விமானத்தைப் பிடித்தால்தான் அதற்குள் வரலாம். தவறினால் மறுபடி விண்ணப்பம், மறுபடி பிரிவு. ரோமுக்குக் காலை ஒன்பது மணி விமானத்தில் இடம் பதிந்திருந்தேன். ராசன் எனக்குச் சொல்லாமல் மலரிடம் சொல்லி அதைப் பதினொன்றுக்கு மாற்ற வைத்துவிட்டான். ஞாயிறு மாலை அவன் வீட்டுக்குப் புட்டுச் சாப்பிடப் போனபோதுதான் சொன்னான்.

"ஏனடாப்பா?"

"ஒன்பது மணி பிளேனுக்கு அவள் வெளிக்கிடுற நேரம் ராகுகாலம், அண்ணை. ஞாயிறு நாலரையிலயிருந்து ஆறு."

"அது இஞ்ச நாலரை. அங்க காலமை ஏழரை. ராகு என்ன, மெல்பேர்ன் மணிக்கூட்டைப் பாத்தோ ஜெர்மனியில நிப்பார்?"

அவன் முகம் வெளுத்தது. அவள் அதற்குள் வீட்டிலிருந்து கிளம்பியிருப்பாள், சொல்ல வழியில்லை. பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ரோம் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இறங்கி அடுத்த விமானத்துக்கு ஓட முக்கால் மணி நேரமே மிஞ்சும்.

"பிடிப்பாள், அண்ணை. அவள் விடுற ஆளில்லை."

எங்கள் இரவு எட்டு மணிதான் அவளுக்குக் காலை பதினொன்று, விமானம் கிளம்பும் நேரம். எட்டு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது.

"ரோமுக்கு வந்திட்டாளாம்!" என்று ராசன் அதை என்னிடம் நீட்டினான். வெளிநாட்டு அழைப்பென்றால் முதலில் இணைப்பகக்காரரின் குரல் வரும். வரவில்லையென்று ராசன் பிறகு சொன்னான். மலரின் குரல்தான், பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல.

"அண்ணை, அவரை ஏசாதையுங்கோ. நான் எப்படியும் வருவன்."

வைத்துவிட்டாள். ராசன் சொன்னதைக் கேட்காமல் ஒன்பது மணி விமானத்திலேயே போயிருக்கிறாள், கெட்டிக்காரி, என்று நினைத்துக்கொண்டேன். ஒன்பதும் இரண்டும் பதினொன்று, கணக்கு சரியாக வந்தது.

செவ்வாய் காலை மெல்பேர்னின் டல்லமரீன் விமான நிலையத்தில் இறங்கினாள். அனுமதி செல்லுபடியாக இருந்தது. ராசன் அழுதான். நான் கேட்டேன்:

"ஒன்பது மணிக்குத்தானே ஏறினனீ?"

"இல்லையண்ணை. இவர் சொன்னபடி பதினொண்டுக்குத்தான். அதுவும் ஒரு மணித்தியாலம் பிந்தி."

"அப்ப ரோமில இருந்து போன் எடுத்தது?"

"போனோ? எனக்கு மூச்செடுக்கவே நேரமில்லை. அடுத்த பிளேன் போயிருக்கவேணும் எண்டு தெரிஞ்சும் ஓடினனான். பிளேன் நிண்டுது. பிளேன் வாசலில நிண்ட பிள்ளை என்னை ஏசினாள். 'ஏறியிருந்திட்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் இறங்கி எங்க போனனீ, உனக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கினம்' எண்டு."

அவளுக்குரிய ஜன்னலோர இருக்கைக்கு அழைத்துச் சென்றார்கள். அவள் உட்கார்ந்தபோது, யாரோ அப்போதுதான் எழுந்துபோனதுபோல் இருக்கை சூடாக இருந்தது.