கரடிக்கரையில் கருவாடு

என் மகள் என்ன வேலை செய்கிறாள் என்று, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் பிராண்டேயில் எங்கள் ஆட்கள் யாராவது கேட்டால், "சுற்றுலாக் கந்தோரிலை" என்று, ஏதோ மேசை வேலை போலச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். இரண்டு வருடமாக இதே பொய். உண்மையில் அவள் கிரீன்லாந்தின் கிழக்குக்கரைக்குப் போகும் சிறிய கப்பலொன்றில் வழிகாட்டி. வெண்கரடி பார்க்க வருகிறவர்களைக் கரைக்கு அழைத்துப் போவாள். தோளில் துவக்கு, கரடி பாய்ந்தால் சுட. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்த எங்களுக்கு இப்படியொரு பிள்ளை.

விட்டுவிட்டு வா என்று தொலைபேசியில் சொல்லாத கிழமை இல்லை. கடைசியில் அவளுக்கும் அலுத்துவிட்டது.

"அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோ. பாத்த பிறகும் விடச் சொன்னால் விடுறன்."

வழக்கமாக டேனிஷில் பதில் சொல்கிறவள் இதைத் தமிழில் சொன்னாள். அதனால் மெய்யாகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்தது. ஓகஸ்ட் கடைசியில் நானும் அவளுடைய அப்பாவும் கப்பல் ஏறினோம். கரடி பார்க்கப் போனது அவர். நான் போனது விடச் சொல்ல.

கப்பலில் எங்களைத் தவிர எல்லோரும் ஓய்வுபெற்ற டேனிஷ்காரர்கள். முதல் நாளே மகள் எல்லோரையும் கூட்டி வைத்துச் சட்டம் சொன்னாள். கரைக்குச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது, ஒரு மிட்டாய்கூட. கரடி மணம் பிடித்து வந்துவிடும். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். வேலை செய்கிற காற்றாலைத் தொழிற்சாலையில் கையுறை போடாமல் நிற்கிறவர்களை ஏசுகிற ஆள் நான். ஆனால் எங்கள் ஆட்களுக்கு வாசற்படி தாண்டினால் கையில் ஒரு சாப்பாட்டுப் பொதி இருக்க வேண்டும். என் மனிதர் வேறு பசி தாங்கமாட்டார். ஊரிலிருந்து வந்த கருவாட்டைப் பிராண்டேயிலேயே பொரித்து, இரண்டு ரொட்டியோடு சுற்றி எடுத்து வந்திருந்தேன். மூன்றாம் நாள் கரைக்கு இறங்குமுன் அதை அவருடைய ஜாக்கெட் பைக்குள் வைத்தேன். இவ்வளவு சுற்றினால் எந்தக் கரடிக்கு மணக்கப் போகிறது என்று நினைப்பு.

கரையில் கால் மணி நேரம் நடந்திருப்போம். மனிதர் ஒரு கல்லில் குந்திக்கொண்டு பொதியை அவிழ்த்துவிட்டார். முன்னால் போன டேனிஷ் அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். மகளும் திரும்பினாள்.

அவள் ஏசவில்லை. பொதியை வாங்கி ஒரு பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி என் கையில் தந்தாள். பிறகு, எல்லோரிடமும் பேசுகிற அதே டேனிஷில், "இந்த இரண்டு பயணிகளும் கப்பலுக்குத் திரும்புகிறார்கள்" என்று படகோட்டியிடம் சொன்னாள். பெற்ற தாயைப் பயணி என்கிறாள். றப்பர் படகில் போகும்போது எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இன்றைக்கே விடச் சொல்லுவது என்று முடிவெடுத்தேன்.

கப்பலின் மேல்தட்டில் நின்றபோதுதான் கரடியைக் கண்டோம். காவலுக்கு நின்றவர் உடனே கரைக்கு அறிவித்தார். கரையின் முனையைச் சுற்றி அது வந்துகொண்டிருந்தது. வெள்ளை இல்லை, உறைந்த நெய்யின் நிறம். தன் வீட்டு வளவுக்குள் நடக்கிறவர் போல அவசரமே இல்லாத நடை. அவ்வளவு அழகான மிருகத்தை நான் அதுவரை கண்டதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் மகள் கரையில் நிற்பதையே மறந்துபோனேன்.

பிறகு இவர் கையிலிருந்த தொலைநோக்கியை வாங்கி அவள் பக்கம் திருப்பினேன். ஒருவரும் ஓடவில்லை. அவள் கையைக் காட்ட, எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிருந்த படகில் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். அவள் மட்டும் கரடியைப் பார்த்தபடி பின்பக்கமாக அடி வைத்து வந்தாள். துவக்கு தோளை விட்டு இறங்கவில்லை. கடைசி ஆளாக ஏறினாள். படகு விலகிய பிறகு கரடி அந்த இடத்துக்கு வந்தது. நாங்கள் பொதி அவிழ்த்த கல்லை மோந்து பார்த்து, நக்கியது. அந்த மணத்துக்குத்தான் வந்ததோ, தன்பாட்டில் வந்ததோ, எனக்குத் தெரியாது. கையிலிருந்த பையை இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

பின்னேரம் எங்கள் அறைக்கு வந்தாள்.

"பிழை என்னிலைதான் பிள்ளை," என்றேன். "அது கிட்ட வந்திருந்தால் சுட்டிருப்பியோ?"

"வேறை வழி இல்லையெண்டால் ஓம். ஆனால் சுடாமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறதுதான் என்ர வேலை, அம்மா. கரடிக்கும் ஒண்டும் நடக்கக் கூடாது."

கட்டிலில் என் பக்கத்தில் இருந்தாள். "இப்ப சொல்லுங்கோ. விடட்டோ?"

கரடியை விட்டுக் கண்ணெடுக்காதவள், என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"விடாதை," என்றேன். கண் கலங்கிவிட்டது. செய்ததையெல்லாம் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. "பிராண்டேயிலை எங்கட ஆக்களுக்கு நான் உன்ர வேலையைச் சொல்லேல்லை. கந்தோர் வேலை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"தெரியும் அம்மா," என்றாள். "டிசம்பரிலை நத்தார் லீவுக்கு வந்த நேரம் என்னட்டையும் கேட்டவை. நானும் கந்தோர் எண்டுதான் சொன்னனான்."