மங்கை எழுதிய அக்கி

“அக்கி எழுதுன டாக்டரம்மா தவறிட்டாங்களாமே மேடம், நெசமா?” பூம்புகாரிலிருந்து செல்வி தொலைபேசியில் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முந்தின மாலைவரை என்னோடு வார்டில் நின்றவரைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசாதே என்று கடிந்து போனை வைத்துவிட்டேன். வைத்த கையோடு வார்டிலிருந்தும் அழைப்பு. மாரடைப்பாம். நெசம்தான்.

டாக்டர் மங்கையர்க்கரசி திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். தஞ்சாவூரில் எங்கள் பச்சிளங்குழந்தை வார்டுக்கு நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் டாக்டர் வேலைக்கு வந்தோம். அவரோடு பிள்ளை பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும், தொட்டிலைப் பார்க்குமுன் சொந்தக்காரர்களின் உதடுகளைத்தான் பார்ப்பார். ஒரத்தநாட்டில் ஒரு வீட்டில், உதட்டில் கொப்புளத்தோடு குழந்தையைக் கொஞ்ச வந்த தாய்மாமனை வாசலிலேயே நிறுத்திவிட்டார். “பாசத்தைப் பத்து நாள் கழிச்சுக் காட்டுங்க” என்றார். மாமன் முறைத்துக்கொண்டு காபிகூடக் குடிக்காமல் போனார். மங்கை இரண்டு காபி குடித்தார்.

அந்தக் கொப்புளத்தில் இருக்கும் ஹெர்பிஸ் வைரஸ் பெரியவர்களுக்குத் தொந்தரவு, பிறந்த குழந்தைக்கு எமன். சில வருடங்களுக்கு முன் செல்வியின் குழந்தை அப்படித்தான் வந்தது. உடம்பில் கொப்புளம், காய்ச்சல், பால் குடிக்கவில்லை. வழக்கமான மருந்தான அசைக்ளோவிரை நரம்பில் ஏற்றினோம். செல்வியின் கணவர் முருகையன் படகில் போகிறவர். எங்கள் ஊரில் அக்கிக்குக் காவிமண் குழைத்து எழுதுவார்கள், ஆளைக் கூட்டிவரட்டுமா என்று கேட்டார். இது ஆஸ்பத்திரி, சும்மா இருங்கள் என்றேன் நான். மங்கையோ தோலில் எழுதும் பேனாவை எடுத்து, கொப்புளங்களைச் சுற்றிக் கோடு போட்டார். “எழுதியாச்சு. கோட்டைத் தாண்டுதான்னு எல்லாரும் பாருங்க” என்றார். டாக்டரே அக்கி எழுதுகிறார் என்று வார்டெல்லாம் சிரிப்பு. நான்தான் அதிகம் சிரித்தேன்.

முதலில் கொப்புளங்கள் வாடின. காய்ச்சல் இறங்கியது. பிறகு ஒரு காலையில் செல்வி கூப்பிட்டாள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே கோட்டுக்கு வெளியே புதுக் கொப்புளங்கள். அளவைச் சரிபார்த்தோம், சரியாக இருந்தது. வைரஸ் மருந்துக்கு அடங்காமல் மாறிவிட்டது என்றார் மங்கை. மாற்று மருந்தான ஃபாஸ்கார்னெட் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. வெளியூருக்கு அனுப்பும் பரிசோதனையின் முடிவு வரட்டும், அதுவரை பொறு என்று நான் வாதாடினேன். ஒரு கைப்பிடிக் குழந்தை அது.

“கிட்னியை நாம பக்கத்துலேயே உக்காந்து காவல் காக்கலாம்டி. மூளைக்குப் போயிட்டா யாரு காக்குறது?” என்றார்.

வைரஸ் மாறிப்போனதை அவர் முருகையனிடம் விளக்கிய விதம் இன்னும் சிரிப்பு மூட்டுகிறது. ஒரே மருந்தை அடித்தால் நெல்லில் புகையான் பூச்சி பழகிப்போகும் இல்லையா, அதுபோல என்றார். “எனக்கு மத்தி, வாளைதாங்க தெரியும், புகையானைக் கண்டேனா? நீங்க எழுதுன கோட்டை அது தாண்டிருச்சு, அது தெரியுது. மாத்துங்க” என்றார் முருகையன்.

சென்னையிலிருந்து மருந்து வந்தது. சிறுநீரின் அளவு, இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து என்று மங்கை சொன்னபடியே காவல் இருந்தார். நானும் இருந்தேன், வேண்டாத சாமி இல்லை. புதுக் கொப்புளம் வருவது நின்றது. பழைய மருந்துக்கு அடங்காத வைரஸ்தான் என்று முடிவு வந்து சேர்ந்தபோது குழந்தை செல்வியிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். “காத்திருக்கலாம்னியே” என்று ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சாப்பிடப் போகலாமா என்றுதான் கேட்டார்.

அடக்கம் முடிந்த பிறகு செல்வியை அழைத்தேன். நெசம்தான் என்று சொல்லும்போது அழுதுவிட்டேன். அவளும் அழுதாள். பின்னால் அந்தப் பையன் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கத்திக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க மங்கை இல்லையே.

அவருடைய பேனா இப்போது என் வெள்ளைக் கோட்டின் பையில் இருக்கிறது. இந்த வாரம் ஒரு குழந்தையின் தொடையில், கொப்புளங்களைச் சுற்றிக் கோடு போட்டேன். அதன் தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள், அக்கி எழுதுகிறீர்களா என்று.

“ஆமாம்மா” என்றேன். “தாண்டுதான்னு பாத்துக்கிட்டே இரு.”