வறுத்த மண்ணும் மூச்சு விட்ட ஜாடியும்

என் ஓரகத்திக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அவளே மறந்திருப்பாள். எல்லோருக்கும் அவள் மூக்கி. அடுத்த தெருவில் பால் பொங்கப் போவது, பால்காரிக்குத் தெரியும் முன் இவளுக்குத் தெரிந்துவிடும். கல்யாணப் பேச்சு நடந்த அன்று என் கொழுந்தனாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இரவல் சட்டையா? வேற ஆளு வாசனை வருதே" என்றாள். அது என் வீட்டுக்காரரின் சட்டை. நான் அளக்கிறேன் என்று தோன்றினால் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், மீதியே போதும்.

அந்த மூக்கை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் மண் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்தாள். பையில் வரும் மண்ணைத் தட்டில் பரப்பி, நூற்றைந்து டிகிரி அடுப்பில் உலர்த்தி, இடித்து, சலித்து, மறுபடி பையில் கட்டுவது அவள் வேலை. ஒரு தட்டு மாறியதில்லை. அந்தப் பெருமையைச் சாப்பாட்டோடு எங்களுக்கும் தினம் பரிமாறுவாள். வேலை மட்டும் நிரந்தரமில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும்.

இருபத்திரண்டாம் வருடம் பரிசோதனைக்கு ஒரு நிலம் வந்து சேர்ந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய பட்டறை மூடப்பட்டு, பின்பக்க மண்ணெல்லாம் ஈயமும் காட்மியமுமாகக் கிடந்தது. கூடத்துத் தலைவி, எல்லோருக்கும் அவர் மேடம், அங்கே சூரியகாந்தி போட்டார். செடி உலோகத்தை வேர்வழியாக உறிஞ்ச வேண்டும். உலோகமோ மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அதற்காகப் பாதிப் பாத்திகளில் கந்தகத் தூள் கலந்தார்கள். மண்ணில் கந்தகத்தைத் தின்கிற நுண்ணுயிர்கள் உண்டாம். தின்றுவிட்டு அமிலத்தை வெளியே விடுமாம். அந்தப் புளிப்பில் உலோகத்தின் பிடி தளரும், செடி குடிக்கும்.

"அப்ப மத்த பூச்சிங்க கதி?" என்று கேட்டாள் மூக்கி.

"பூச்சி இல்லம்மா, நுண்ணுயிர். அதைத்தான் பாக்கப் போறோம். புளிப்பு தாங்காம எல்லாம் செத்துட்டா மண்ணே பொணம் மாதிரி. அப்புறம் இந்த வேலையை மூட்டை கட்டிட வேண்டியதுதான்."

சாவையும் உயிரையும் சொல்ல ஒரு ஜாடி போதும். உள்ளே மண், நடுவில் சின்னக் கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீர், மேலே இறுக்கமான மூடி. உயிருள்ள மண் மூச்சு விடும். அந்த மூச்சுப் பட்டால் கிண்ணத்து நீர் வெள்ளையாகக் கலங்கும். மூக்கி வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன வேகத்தில் மூன்று வேளைச் சமையல் தீய்ந்தது.

மூன்றாம் நாள் ஜாடிகளைப் பார்த்தார்கள். கந்தகம் போடாத பாத்தியின் கிண்ணம் பாலாக வெளுத்திருந்தது. கந்தகம் போட்டதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு தெளிவு. மேடம் வாடிய முகத்தோடு அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை பாத்திகளை உழுது மூட டிராக்டருக்குச் சொல்லியாயிற்று.

பாத்திகளில் நட்ட அடையாளத் தகடுகளைப் பிடுங்க டிராக்டரோடு மூக்கியையும் அனுப்பினார்கள். அவள் சும்மா இருப்பாளா? போடாத பாத்தியில் ஒரு பிடி எடுத்து முகர்ந்தாள்: முதல் மழை வாசனை. போட்ட பாத்தியில் ஒரு பிடி: மழை வாசனை பாதிதான், ஆனால் அடியில் ஏதோ புளிப்பாக, சூடாக, கூட்டம் நிறைந்த அறை மாதிரி. செத்த இடத்தில் இவ்வளவு நடமாட்டமா? கையைத் திறந்து பார்த்தாள். மண் ஈரமாக விரலில் ஒட்டியது. தான் மேடத்திடம் கொடுத்த மண் அப்படி இல்லையே, மாவாக அல்லவா இருந்தது?

அப்போதுதான் உறைத்தது. மண் எடுத்த அன்று, போடாத பாத்தியின் பைகளை மேடமே காலையில் கொண்டுவந்து குளிர்பெட்டியில் வைத்தார். போட்ட பாத்தியின் பைகள் மதியம் வந்தன. மேடம் கூட்டத்தில் இருந்தார். பையில் 'ஈரத்தோடு வைக்கவும்' என்று சீட்டு ஒட்டியிருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருடக் கை எங்கே சீட்டுப் படித்தது? தட்டில் பரப்பி, அடுப்பில் தள்ளி, சலித்து, அழகாகத் திரும்பக் கட்டிவிட்டது.

"தம்பி, வண்டியை நிறுத்து!"

"ஏன்க்கா, ஏதாவது வாசனை வருதா?" என்றார் டிராக்டர்காரர்.

"வருது. என் வேலை போற வாசனை."

வாயை மூடிக்கொண்டு தகடுகளைப் பிடுங்கியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அவளுடைய ஒப்பந்தத் தாள் அந்த வாரம் மேடத்தின் மேசையில்தான் இருந்தது. ஆனாலும் நேரே போய் நின்றாள்.

"மேடம், அந்த மண்ணை நான் வறுத்துட்டேன்."

"என்னது?"

"கந்தகப் பாத்தி மண்ணு. அடுப்புல, ஒரு நாள் முழுக்க. அதுங்க கந்தகத்தால சாகல. நான்தான் கொன்னேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "மாவா இருந்ததை நானும் கவனிக்கலையே. வறுத்த மண்ணு மூச்சு விடலைன்னு நான் கையெழுத்து வேற போட்டிருக்கேன்! ஒரு தப்பு கூட பண்ணினதில்லைன்னு இனிமே பீத்திக்க முடியாதே நீங்க."

"ஒண்ணே ஒண்ணுதான்னு பீத்திக்கறேன் மேடம்."

டிராக்டர் திரும்பிப் போனது. புது மண், புது ஜாடி. மூன்று நாளும் மூக்கி அதன் முன்னால் பிரசவ அறை வாசலில் நிற்பவள் போல நின்றாள். கிண்ணம் பாலாகவும் இல்லை, தெளிவாகவும் இல்லை. தண்ணீர் ஊற்றிய பால். சில உயிர்கள் புளிப்புத் தாங்காமல் போயிருந்தன. கந்தகம் தின்பவை பெருகியிருந்தன. யார் போனார்கள், யார் வந்தார்கள் என்று எண்ணவே இன்னும் ஒரு பருவம் வேண்டும் என்றார் மேடம். சில பாத்திகளுக்கு மட்டும் கந்தக அளவைப் பாதியாக்கினார். அறிக்கையில் வறுத்த கதையையும் மறைக்காமல் எழுதினார்.

ஒப்பந்தக் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது. மூக்கி உறையைப் பிரிக்காமல் முகர்ந்தாள்.

"என்னடி சொல்லுது?" என்றார் கொழுந்தனார்.

"பசை வாசனைதான் வருது." உறையைத் திருப்பிப் பிடித்து மறுபடி முகர்ந்தாள்.

நான்தான் பிடுங்கிப் பிரித்தேன். இன்னும் ஒரு வருடம். அடியில் மேடத்தின் கையெழுத்தில் ஒரு வரி: இனி அடுப்புச் சாவி என்னிடம், ஜாடிகள் உங்களிடம்.