ஊகிக்க மறுத்த ஞானப்பிரகாசம்

ஞாயிற்றுக்கிழமை காலை பழனியிலிருந்து தந்தி வந்தது. எங்கள் கம்ப்யூட்டர் அறையில் பல ஆண்டுகள் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த ஞானப்பிரகாசம் காலமாகிவிட்டார். புகழ்ந்து எழுதுவது எனக்குக் கைவராது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

எழுபதுகளில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியின் ஆய்வகத்தில் பணிபுரிந்தவர் அவர். மலையில் மழை அளக்கும் எங்கள் நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஆபரேட்டராகச் சேர்ந்தார். நான் கணிதத்தில் முதுகலை. புரோகிராம் எழுதுவது நான், ஓட்டுவது அவர். இந்த வித்தியாசத்தை அப்போது நான் சற்று அதிகமாகவே நினைவில் வைத்திருந்தேன்.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். மலைக்கிராமமான போளூரிலிருந்து பஸ்ஸில் வரும் மழை அளவுத் தாளை எங்கள் அறையில் வேலை பார்த்த கமலா, கம்ப்யூட்டரோடு இணைந்த ஒரு டெர்மினலின் விசைப்பலகையில் அடிப்பாள். பெரும்பாறை என்ற இன்னொரு மலையூரின் தாளை அடுத்த டெர்மினலில் இன்னொருவர் அடிப்பார். சில நாட்கள் போளூர் அளவுகள் மட்டும் பதிவாகவில்லை. புரோகிராமைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன், குறையில்லை. கமலாதான் அடிக்காமல் விடுகிறாள் என்று இயக்குநருக்கு எழுதினேன். அவளுடையது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம், தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமையோடு நிறுத்துவதாக முடிவாயிற்று.

"நான் அடிச்சது நெசந்தானுங்க அம்மா. பொய் சொல்லி எனக்கு என்ன வரப்போகுது?" என்றாள் கமலா.

ஞானப்பிரகாசம் என் மேசைக்கு வந்தார். "நீங்க படிச்சவங்க மேடம், யோசிச்சே கண்டுபிடிச்சிருவீங்க. எனக்குப் பாத்தாத்தான் தெரியும். அது என்ன செஞ்சதுன்னு அதையே சொல்ல வைப்போமா?"

புரோகிராம் ஒவ்வொரு அடியிலும் தான் செய்வதை நேரத்தோடு அச்சிடும்படி வரிகள் சேர்த்தார். அதற்கு டிரேஸ் என்று பெயர். இரண்டு நாள் ஓடியது. ஓர் அளவும் தொலையவில்லை.

"பிழை எங்கே சார்?" என்று கேட்டேன். என் குரலில் வெற்றி இருந்தது.

"பேசிக்கிட்டே நடக்கிறவன் மெதுவாத்தான் போவான் மேடம். அச்சடிக்கிறதுலயே நேரம் போகுது, அதான் தப்பு ஒளிஞ்சுக்கிடுது. வாய மூடிக்கிட்டு வெரசா ஓடட்டும், எல்லாம் முடிஞ்ச பெறகு சொல்லட்டும்."

குறிப்புகளை நினைவகத்திலேயே சேர்த்துவைத்துக் கடைசியில் மட்டும் அச்சிடும்படி மாற்றினார். வெள்ளி காலை போளூர் அளவு தொலைந்தது. தாளை என் முன் விரித்தார். புரோகிராமே அதில் சொல்லியிருந்தது: போளூர் வாங்கினேன், பெரும்பாறை வாங்கினேன், பெரும்பாறை எழுதினேன், பெரும்பாறை எழுதினேன்.

இரண்டு டெர்மினலுக்கும் நினைவகத்தில் நான் ஒரே இடத்தை ஒதுக்கியிருந்தேன். ஒன்று எழுதப்படும் முன் மற்றது வந்தால் முதலாவது அழிந்துவிடும். போளூர் பஸ் சரியான நேரத்துக்கு வந்த நாட்களில்தான் இருவரும் ஒரே சமயத்தில் அடித்தார்கள்; கமலா ஒரு கணம் முந்திவிடுவாள்.

"மெஷின் கோளாறுன்னு எழுதிடலாமா?" என்று கேட்டேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

"எழுதலாம். மெஷினுக்கு ரோஷம் கெடையாது," என்றார். "ஆனா மெஷின் அப்படிச் செய்யலியே மேடம்."

பிழை என்னுடையது என்று எழுதி, டிரேஸ் தாளை இணைத்துக் கையெழுத்திட்டேன். பிறகு கமலாவிடம் போய் நானே சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"அப்ப திங்கக்கெழமை வரலாமுங்களா?" என்று கேட்டாள்.

பழனிக் கல்லறைத் தோட்டத்தில் நேற்று அவளைப் பார்த்தேன். இன்று அந்தக் கம்ப்யூட்டர் அறைக்கு அவள்தான் பொறுப்பாளர். நான் தயங்கி நின்றபோது, குழியருகே சென்று முதல் பிடி மண்ணை இட்டவள் அவள்.

உங்களோடு வேலை பார்த்தவள் என்பது எனக்குப் பெருமை, ஞானப்பிரகாசம் சார். அமைதியாக உறங்குங்கள்.