சித்தப்பாவின் கையளவு

சித்தப்பா சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவர். அளவு சொல்ல அவரிடம் இரண்டே வார்த்தைதான்: நிறைய, கொஞ்சம். குவளை என்றாலும் நிறைய, டிரம் என்றாலும் நிறைய. மீதியைக் கைகள் சொல்லும். இரு கைகளும் தோளுக்கு நேரே விரிந்தால் ஒரு முழுச் சுவருக்கு. மார்பகலத்தில் நின்றால் கதவு, ஜன்னலுக்கு. போனில் பேசும்போதும் கையை விரிப்பார். மறுமுனையில் நான் "எவ்ளோ சித்தப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பயந்துகொண்டே கடைக்குப் போவேன்.

சித்திக்கு அந்தப் பயமில்லை. கலர் கலக்குவது அவர்தான். பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல், கையைப் பார்த்தே வாளியை நிரப்புவார்.

ஏணி சறுக்கி, சித்தப்பாவின் இடது கைக்கு மாவுக்கட்டு போட்டிருந்த சமயம். தமிழ் தெரியாத ஒரு பல் டாக்டரின் புது கிளினிக்கை ஒப்புக்கொண்டிருந்தார். வரவேற்பறை பிடித்தால்தான் மாடியும் தருவதாக டாக்டர் சொல்லியிருந்தார். வேறு வேலை எதுவும் கைவசம் இல்லை. லீவு போட்டு நானும் உதவிக்குப் போனேன்.

நீளச் சுவருக்கு, "நிறையக் கலக்கு" என்றார் சித்தப்பா. வலது கை விரிந்தது. இடது கை நெஞ்சோடு கிடந்தது. சித்தி பார்த்த அகலம் பாதி, வாளியும் பாதி.

சுவரின் நடுவிலேயே பெயிண்ட் தீர்ந்தது. அவசரமாகக் கலக்கிய இரண்டாம் வாளி, காய்ந்ததும் வேறொரு பச்சையாக நின்றது. மறுநாள் காலை டாக்டர் வருகிறார்.

"நிறையன்னுதானே சொன்னேன்?"

"வாயால என்னைக்கு அளவு சொன்னீங்க? கை பாதிதான் விரிஞ்சுது."

"இன்னொண்ணு கட்டுல கிடக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது. பழக்கம் கட்டையெல்லாம் பாக்குமா?"

நான் மெதுவாக, "நடுவுல பெரிய படமா மாட்டிடலாமே" என்றேன்.

"இவன் ஒருத்தன்! சுவர் அகலத்துக்குப் படம் எங்கடா கிடைக்கும்?" என்றார் சித்தப்பா.

சுவர் முழுக்க இன்னொரு தடவை, ஒரே கலவையில் அடிப்பதைத் தவிர வழியில்லை. சித்தி வாளியோடு எதிரில் நின்றார்.

"கையைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுச் சொல்லுங்க. எவ்ளோ?"

"நிறைய."

"நிறையன்னா?"

பாக்கெட்டுக்குள் கை தவித்தது. கடைசியில் மோவாயை நீட்டி, "அந்த மூலைலேர்ந்து இந்த மூலை வரைக்கும்" என்றார். சித்தி அந்தத் தூரத்தைக் கண்ணால் நடந்து பார்த்துவிட்டுக் கலக்க ஆரம்பித்தார்.

காலையில் டாக்டர் சுவரைத் தடவிப் பார்த்தார், தலையசைத்தார். மாடிக்கு எவ்வளவு பெயிண்ட் ஆகும் என்று அவர் மொழியில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்.

சித்தப்பாவின் வலது கை எழுந்தது. அது விரிவதற்குள் சித்தி படியேறத் தொடங்கிவிட்டார்.

"இருங்க, நானே பாத்துட்டு வந்து சொல்றேன்."